இடது பக்கம் நடந்தவர்

நொச்சிக்குப்பத்தில் கோபாலின் தொழிலைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. கோல்ஃப் ஆடுகிறவரோடு பையைச் சுமந்துகொண்டு நடப்பவனுக்குக் கேடி என்று பெயர். "போலீஸ்ல வச்ச பேரா, நீயா வச்சிக்கினியா?" என்று இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோபாலும் இருபது வருடமாகச் சிரித்துவிட்டுப் போகிறான்.

கடலில் வளர்ந்தவன் என்பதுதான் அந்தத் தொழிலில் அவனுக்கு முதல். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கும், எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவனுக்குத் தோலில் தெரியும். நந்தனத்து மைதானத்தில் புல் வெட்டப் போனவனை ஆட வந்தவர்கள் பை தூக்கக் கூப்பிட்டது அதனால்தான். கடைசி ஐந்து வருடமாக ஒரே ஆளுக்குத் தூக்குகிறான். சாய்சரண். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு, வயது இருபத்தாறு, தொழில்முறை ஆட்டக்காரன். அப்பா வேதாந்தம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பையன் இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் பந்து அடிக்கப் போனதை உறவுக்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை.

அவன் ஆடும் தொழில்முறைப் பந்தயங்கள் பிப்ரவரியில் தொடங்கி நவம்பர் கடைசி வரை ஊர் ஊராக நடக்கும். ஒவ்வொரு ஊரிலும் நான்கு நாள் ஆட்டம். இரண்டாம் நாள் சாயங்காலமே பின்தங்கிய பாதிப் பேரை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். வருடக் கடைசியில் பட்டியலில் முதல் அறுபது பேருக்குத்தான் அடுத்த வருடம் ஆட இடம். போன வருடம் சாய்சரண் ஐம்பத்தெட்டாவது. வருடம் பூராவும் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப்போயிருந்தான். இந்த வருடமும் இப்படியே போனால் விட்டுவிடப் போவதாகக் கோபாலிடம் சொல்லியிருந்தான். அவன் விட்டால் கோபாலுக்கும் வெயிலில் மைதானத்து வாசலில் உட்கார்ந்து ஆள் பார்க்கும் பிழைப்புதான்.

குப்பத்துக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் அடுத்தடுத்து இரண்டு வீடு. ஒன்றில் கோபாலும் அவன் மனைவி கயலும். இன்னொன்றில் அவன் அண்ணி கெங்கம்மாவும், நர்ஸ் படிப்புப் படிக்கும் அவள் மகள் அஸ்வினியும். அண்ணன் சக்திவேல் ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதக் காலையில் கடலுக்குப் போனவர். மூன்று பேர் போனார்கள், படகு கவிழ்ந்தது, இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். உடல் கிடைக்கவில்லை. கிடைக்காததால் கெங்கம்மா தாலியைக் கழற்றவில்லை. விடிவதற்குள் காசிமேடு போய் மீன் எடுத்து வந்து, லூப் ரோட்டுப் புது மார்க்கெட்டில் தன் மேடையில் சங்கராவும் கவலை மீனும் பரப்பி உட்காருவாள். "வூட்டுக்காரரு?" என்று யாராவது கேட்டால், "வெளியூரு போயிருக்காரு" என்பாள்.

அந்த வருடம் அந்தப் பதிலுக்குத்தான் சிக்கல் வந்தது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். வீடு சக்திவேல் பெயரில் இருந்தது. ஒன்று அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அவர் இறந்ததற்குக் காகிதம் வேண்டும். ஏழு வருடம் காணாமல் போனவரை இறந்தவராக அறிவிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்றார்கள். லஸ்ஸில் பரத்வாஜ் என்ற வக்கீல் மனுவை எழுதியும் வைத்துவிட்டார். கெங்கம்மா கையெழுத்துப் போட மறுத்தாள். ஏன் என்று கயல் பலமுறை கேட்டும் பதில் இல்லை.

கொல்கத்தாவில் முதல் பந்தயம். இரண்டாம் நாள் காலை பனி இறங்கியிருந்தது. நாலாவது குழிக்கு நடக்கும்போது சாய்சரண் திரும்பிப் பார்த்தான்.

"கோபாலண்ணா, லெஃப்ட்ல ஒருத்தர் நடந்துண்டு வர்றாரே, யாரு?"

கோபால் பார்த்தான். பனியும் புல்லும்தான் இருந்தன. புல் வெட்டுகிற ஆளாக இருக்கும் என்றான். சாய்சரண் தலையாட்டிவிட்டு அடித்தான். அன்றைக்கு அவன் அடித்ததெல்லாம் குழியில் நட்டிருந்த கொடியைப் பார்த்துப் போனது. சாயங்காலம் பட்டியலில் மூன்றாவது இடம்.

அடுத்து அகமதாபாத். அங்கேயும் அந்த ஆள் வந்தார். அதே ஆள் என்றான் சாய்சரண். குரலில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "உங்களுக்குத் தெரியறதா?" என்று கேட்டான். ஆட்டத்தின் நடுவில் ஆட்டக்காரனின் மனம் கலையக் கூடாது. கேடிக்கு அதுதான் முதல் பாடம். "தெரியுது சார். நம்பள ஒண்ணும் பண்ண மாட்டாரு. நீங்க பந்தைப் பாருங்க" என்று கோபால் பொய் சொன்னான். ஆள் எப்படி இருக்கிறார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தான். வெளிறிப்போன நீல பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, காலில் செருப்பு இல்லை, வலது தோளைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறார், நம் பக்கமே பார்த்துக்கொண்டு வருகிறார், ஆனாலும் முகம் மட்டும் மனதில் நிற்பதில்லை என்றான் சாய்சரண்.

படகு இஞ்சினை வருடக்கணக்காக வலது தோளில் தூக்கியவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். குப்பத்தில் பாதிப் பேர் அப்படி நடப்பவர்கள்தான் என்று கோபால் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

மே மாதம் சண்டிகரில் வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மைதானத்து ஓரப் புல் வைக்கோலாகக் காய்ந்து கிடந்தது. பன்னிரண்டாவது குழியில் சாய்சரண் மெதுவாக, "இப்போ ரொம்பக் கிட்ட வந்துட்டார். அந்த வேப்பமரத்துக்கிட்ட நின்னார்" என்றான். அவன் பந்தைத் தேடிப் போன நேரத்தில் கோபால் பையை வைத்துவிட்டு மரத்தடிக்குப் போனான். காய்ந்த புல்லில் இரண்டு பாதம் அளவுக்கு மட்டும் ஈரம். குனிந்து தொட்டான். விரலை நாக்கில் வைத்தான். கரித்தது. குப்பத்துக் கடலுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ரயிலில் இரண்டு நாள் பயணம்.

வந்திருப்பது யார் என்று அதற்கு மேல் அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் போனதற்கு ஒரு காலை நேரம் காரணம். கிடைத்த நாளில் மைதானம், மற்ற நாளில் கடல் என்று இருந்த கோபால், ஒருநாள் கடலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நந்தனத்துக்குப் போய்விட்டான். கரையில் படகோடு காத்திருந்த சக்திவேல் சாயங்காலம் மாடிப்படியில் நின்று, எல்லோரும் கேட்க, "ஊரான் பையத் தூக்கறவன் இனிமே எங்கிட்டப் பேச வேணாம்" என்றார். கோபாலும் ரோஷக்காரன். பேசவில்லை. அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, இரண்டு வருடம் பேசவில்லை. அப்புறம் பேசுவதற்கு ஆள் இல்லை.

சண்டிகரிலிருந்து அவன் அண்ணிக்குப் போன் செய்திருக்கலாம். எண்ணைக்கூட எடுத்தான். சாய்சரண் அன்றைக்கு இரண்டாவதாக வந்திருந்தான். இதைப் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தான். கெங்கம்மா பூசாரியைக் கூப்பிடலாம், சடங்கு செய்யலாம், அண்ணன் போய்விடலாம். போய்விட்டால்? கோபால் போனை உள்ளே வைத்தான். அடுத்த ஊர் முடியட்டும் என்று நினைத்தான்.

அடுத்த ஊர் முடிந்தது, அதற்கடுத்த ஊரும் முடிந்தது. ஜூலை, ஆகஸ்ட் எல்லாம் ஓடின. அந்த ஆள் வராத நாளில் சாய்சரணின் பந்து மரத்தில் பட்டது, தண்ணீரில் விழுந்தது. வந்த நாளில் அவனைப் பிடிக்க ஆள் இல்லை. ஹைதராபாத்தில் முதல்முறையாக ஜெயித்துக் கோப்பை வாங்கினான். பேப்பரில் படம் வந்தது. வேதாந்தம் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கபாலி கோயிலுக்குப் போய் வந்தாராம். காலையில் முதல் குழிக்கு நடக்கும்போது, "வந்துட்டாரா சார்?" என்று கோபால் கேட்பது வழக்கமாகிவிட்டது. வந்துவிட்டார் என்றால் அவனுக்கு மூச்சு சீராகும். ஈரத்தைத் தொட்டுப் பார்க்க அவன் அதற்குப் பிறகு போகவில்லை. இடது பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

நடுநடுவே வீட்டுக்கு வந்தபோது கயல் ஒரு விஷயம் சொன்னாள். கெங்கம்மா வாய் திறந்துவிட்டாளாம். ஏழு வருடமாக விடியற்காலையில் எழுந்தால் வாசற்படிக்கு உள்ளே தரை ஈரமாக இருக்குமாம். துணியால் துடைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போவாளாம். யாரிடமும் சொன்னதில்லை, அஸ்வினியிடம்கூட. மாசி மாதத்திலிருந்து அந்த ஈரம் இல்லை. "வக்கீலு வூட்டுக்குப் போய் வந்தேனே, அதுல கோவிச்சிக்கினாரா, இன்னான்னு தெரியல" என்று கெங்கம்மா அழுதாளாம். திரும்பி வரும்வரை கையெழுத்துப் போடப் போவதில்லை என்றாளாம்.

கோபால் சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். மாசியில்தான் கொல்கத்தா. கானாங்கெளுத்திக் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினான்.

கடைசிப் பந்தயம் நவம்பரில், சென்னையிலேயே, நந்தனத்தில். அதில் முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் சாய்சரண் வெளிநாட்டுப் பந்தயங்களுக்கும் போகலாம். பயிற்சி நாளன்று நல்ல மழை. ஆட்டோ கிடைக்காமல் நின்ற கோபாலை சாய்சரண் தன் காரில் கூட்டிவந்து குப்பத்தில் இறக்கினான். மாடியில் நின்று பார்த்த கெங்கம்மா, நனைந்துபோனீர்களே, மேலே வந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டாள். சாய்சரண் மரியாதைக்கு மறுக்காமல் படியேறினான்.

டிவிக்கு மேலே சக்திவேலின் மீனவர் அடையாள அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மாலை கிடையாது, பொட்டுக் கிடையாது. டீயை வாங்கிக்கொண்ட சாய்சரணின் பார்வை அதில் போய் நின்றது. கோபால் பார்த்துவிட்டான். ஏதாவது பேச வேண்டும் என்று வாயெடுப்பதற்குள் சாய்சரண் சொல்லிவிட்டான்.

"இவர்தானே அது? முகம் இப்போதான் ஞாபகம் வர்றது. கோபாலண்ணா, இவர்தானே நம்ம கூட வர்றவர்?"

கெங்கம்மா டீ வடிகட்டியைக் கீழே வைத்தாள். "எங்க வர்றாரு தம்பி?"

சாய்சரணுக்கு ஒன்றும் தெரியாது. எல்லா ஊருக்கும் வருகிறார், இடது பக்கம் நடக்கிறார், கோபாலண்ணாவுக்கும் தெரியும் என்றான். சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். கோபாலைப் பார்த்தான். அப்புறம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, போய் வருகிறேன் என்று மெதுவாக இறங்கிப் போய்விட்டான்.

கெங்கம்மா தரையில் உட்கார்ந்தாள்.

"எப்பலருந்து?"

"மாசிலருந்து அண்ணி."

"உனுக்குத் தெரியுறாரா?"

"இல்ல. சாருக்குத்தான். நான் தெரியுதுன்னு பொய் சொன்னேன்."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். மாசி, பங்குனி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்து கார்த்திகையில் நிறுத்தினாள்.

"பத்து மாசம். பத்து மாசம் எம் புருசன உன்னாண்ட வச்சிக்கினு இருந்துருக்க. நான் இங்க காலைல காலைல தரையத் தடவிப் பாத்துக்கினு கெடந்தேன். ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல இல்ல?"

கயல் வாசலில் வந்து நின்றிருந்தாள். மைதானத்துக்கு என்னைக் கூட்டிப் போ என்றாள் கெங்கம்மா. அப்போதும் கோபால் சொன்னது இதுதான்: "ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்துக்கோ அண்ணி. கடைசி நாளு. ஆட்டம் முடிஞ்சிடட்டும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. கெங்கம்மா சாய்சரண் வைத்துப் போன டீ டம்ளரை எடுத்துக் கழுவினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. "ஞாயித்துக்கெழம வரேன். ஆட்டம் முடியறதுக்கு முன்னாடி வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மைதானத்தில் நின்ற தண்ணீர் வடிந்து புல் பளபளத்தது. அடையாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. சாய்சரண் மூன்றாவது இடத்தில் இருந்தான். காலையில் கோபால் எதுவும் கேட்கவில்லை. சாய்சரணே சொன்னான், "வந்திருக்கார்."

மத்தியானத்துக்கு மேல், பதினான்காவது குழியில், பார்வையாளர்களுக்கான அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கெங்கம்மா கயிற்றுக்கு வெளியே நின்றாள். தலைக்குக் குளித்து, மாம்பழக் கலரில் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்திருந்தாள். சுற்றிலும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. சாய்சரண் கயிற்றோரம் போய் நின்றான்.

"எங்க நிக்கிறாரு தம்பி?"

அவன் முகவாயால் காட்டினான். ஆற்றுப் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம்.

"எந்தப் பக்கம் பாக்குறாரு?"

"இவ்வளவு நேரம் கோபாலண்ணாவைத்தான் பார்த்துண்டிருந்தார். இப்போ உங்களைப் பார்க்கறார்."

கெங்கம்மா மரத்தடிக்குப் போனாள். கோபால் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டக்காரன் பின்னால் நடக்க வேண்டியிருந்தது. நடந்தபடியே திரும்பித் திரும்பிப் பார்த்தான். மரத்தடியில் அவள் ஒருத்திதான் தெரிந்தாள். வேலை முடிந்து வந்தவரிடம் வீட்டு விஷயம் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் கோபமாகக் கையை நீட்டினாள். அப்புறம் முந்தானையை எடுத்து, தன் முகத்தை அல்ல, எதிரே காற்றில் ஒரு முகம் இருக்கும் உயரத்தில் எதையோ துடைத்தாள். கோபால் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

பதினாறாவது குழியில் சாய்சரண் அடிக்க நின்றவன் மட்டையை இறக்கினான்.

"ரெண்டு பேரும் கேட் பக்கம் போறா, கோபாலண்ணா."

"போவட்டும் சார்."

"அவர் திரும்பிப் பார்க்கறார்."

கோபால் பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். கொஞ்சம் கழித்து சாய்சரண், "போய்ட்டா" என்றான்.

அதற்குப் பிறகு மைதானம் திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது. சாய்சரணின் முதல் அடி ஆற்றோரப் புதரில் விழுந்தது. கடைசி மூன்று குழியில் ஐந்து அடி அதிகமாக அடித்துப் பதினான்காவதாக முடித்தான். வெளிநாட்டு வாய்ப்புப் போனது. ஹைதராபாத்தில் ஜெயித்திருந்ததால் அடுத்த வருடத்துக்கான இடம் மட்டும் பத்திரம். கை குலுக்கும்போது அவன் கோபாலைக் குறை சொல்லவில்லை. "அவா வீட்டுக்குப் போயிருப்பாளா?" என்று மட்டும் கேட்டான்.

குப்பத்து ஆட்டோக்காரன் ஆண்டனி வழியிலேயே கோபாலைப் பிடித்துக்கொண்டான். ஆழ்வார்பேட்டை சிக்னலில் உன் அண்ணியைப் பார்த்தேன், வண்டியில் ஏறச் சொன்னேன், வரவில்லை என்றான். "அவருக்கு வண்டின்னா வாந்தி வரும், நடந்தே போறோம்"னுச்சுடா என்று சொல்லும்போது ஆண்டனி கையால் சிலுவை போட்டுக்கொண்டான். பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு நடந்தாளாம். சிக்னலில் பச்சை விழுந்தும், பக்கத்தில் இருப்பவர் கிளம்பக் காத்திருப்பதுபோல நின்று, பிறகு ரோட்டைக் கடந்தாளாம். லஸ், கச்சேரி ரோடு, சாந்தோம் என்று நடந்து நேரே கடலுக்குப் போனதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தனியாகத் திரும்பினாள்.

கோபால் மாடியேறியபோது அவள் தலை ஈரமாக வாசலில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. அஸ்வினி அம்மாவின் தோளில் சாய்ந்து அழுது ஓய்ந்திருந்தாள்.

"உட்டுட்டு வந்தேன்" என்றாள் கெங்கம்மா. "நாளிக்குக் கையெழுத்துப் போடணும். சாட்சி வேணுமாம். நீ வா."

மறுநாள் லஸ்ஸில், மருந்துக் கடைக்கு மேலே உள்ள வக்கீல் அறை. கெங்கம்மா தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். பரத்வாஜ் அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு கோபாலிடம் கேட்டார். உறவு? தம்பி. வசிப்பது? அடுத்த வீடு.

"கடைசியா உங்க அண்ணாவோட எப்போ பேசினீங்க?"

கோபால் ஜன்னலைப் பார்த்தான். "ஒம்பது வருசம் ஆவுது சார்."

வக்கீலின் பேனா நின்றது. "அவர் காணாமப் போயே ஏழு வருஷம்தானே? பக்கத்து வீடுன்னீங்க?"

"ஆமா சார்."

பரத்வாஜ் கெங்கம்மாவைப் பார்த்தார். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாகப் பார்த்தது எப்போது என்று எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் எழுதினார். படிக்கட்டில், காணாமல் போவதற்கு முதல் நாள். கோபால் கையெழுத்துப் போட்டான்.

கீழே இறங்கி வந்ததும் கெங்கம்மா நின்றாள்.

"மரத்தாண்ட கேட்டேன். ஏன் வூட்ட உட்டுட்டு இவன் பின்னாடி ஊரு ஊராச் சுத்துறீங்கன்னு. நீ ஒருவாட்டியாவது கூப்புடுவேன்னு பாத்தாராம்."

அவள் குரலில் கோபம் இல்லை. மார்க்கெட்டில் மேடையை வேறொருத்தியிடம் சொல்லிவிட்டு வந்திருப்பதாகவும், கருவாடு வெயிலில் கிடப்பதாகவும் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

கோபால் நடைபாதையில் நின்றான். மருந்துக் கடையிலிருந்தும் காய்கறி வண்டிகளிலிருந்தும் ஜனம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அவன் இடது பக்கம் திரும்பினான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "அண்ணே" என்றான்.

பைக்கில் சாய்ந்து நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பி, "இன்னாபா?" என்று கேட்டார்.

இல்லை, உங்களையில்லை என்று கோபால் தலையை ஆட்டினான்.